பன்னிரண்டு முறை எழும்பியவர்

கதிரையில் இருந்து எழும்புவதற்கும் ஒரு பரீட்சை உண்டு என்றால் யாழ்ப்பாணத்துக் குருநகரில் யாரும் சிரிப்பார்கள். ஆனால் உண்டு. இரண்டு கைகளையும் நெஞ்சில் குறுக்கே வைத்துக்கொண்டு, முப்பது விநாடிக்குள் எத்தனை தரம் எழும்பி நின்று திரும்ப உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். கையை ஊன்றினால் பூச்சியம். டயலிசிஸ் செய்பவர்களின் கால்கள் சொல்லாமல் கொள்ளாமல் பலம் இழந்துவிடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவும். வைத்தியசாலையில் இந்தப் பரீட்சையை நடத்துகிற ஜெனிற்றாவுக்கு விதியெல்லாம் மனப்பாடம்.

மனப்பாடமாக இருந்து என்ன? சிமியோனுக்குப் பன்னிரண்டு என்று எழுதியவளும் அவள்தான்.

சிமியோன் அறுபது வயதுவரை கடலுக்குப் போனவர். எழும்பும் ஒவ்வொரு முறையும் அவருடைய வலக்கை நழுவிப்போய்க் கதிரையின் ஓரத்தைப் பிடித்தது. ஜெனிற்றா கண்டாள். கண்டு சிரித்தாள். அவளுடைய அப்பாவும் கடற்காரர். வீட்டுக் கதிரையில் இருந்து எழும்பினாலும் வள்ளத்தின் விளிம்பைத் தேடி அவருக்குக் கை போகும். இதுவும் அந்தப் பழக்கதோஷம்தான் என்று நினைத்துவிட்டாள். வேறு ஊர்க்காரி என்றால் பேசாமல் பூச்சியம் போட்டிருப்பாள். கடற்காரன் மகளுக்குத்தான் எல்லாம் தெரியுமே!

அது போதாதென்று, வெளியே காத்திருந்த அவருடைய மனைவி பெர்னடெட்டிடம், "அவரைத் தனிய விடலாம் அக்கா, நல்லா எழும்புறார்" என்றும் சொன்னாள். டயலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்து ஏழு மாதமாக அவரை விட்டு அசையாதிருந்த பெர்னடெட், மறுநாளே பழையபடி மீன் சந்தைக்குப் போகத் தொடங்கினாள்.

மூன்று கிழமை கழித்து சிமியோன் நெற்றியில் ஆறு தையலோடு வந்தார். கழிப்பறையில் எழும்ப முடியாமல் விழுந்து, இரண்டு மணித்தியாலம் ஈரச் சீமெந்தில் கிடந்திருக்கிறார்.

"நான்தான் பிள்ளை பாவி," என்றாள் பெர்னடெட். "மனுசன் ரத்தத்திலை கிடக்க, நான் சந்தையிலை விளைமீனுக்கு விலை கதைச்சுக்கொண்டு நிண்டிருக்கிறன். கோயில் சுவாமியிட்டைப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனமும் செய்திட்டன். மனம் ஆறேல்லை."

ஜெனிற்றா கோப்பைத் திறந்தாள். தன்னுடைய பாவத்தை இன்னொருத்தி அல்லவா சங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்து நிற்கிறாள்! கோப்பில் இருப்பது வெறும் பன்னிரண்டு. அந்தக் கையைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஈ காக்கைக்கும் தெரியாது. இரண்டு தரம் கோப்பை மூடித் திறந்தாள். வெட்கமும் பயமும் ஒன்றாக வந்தன.

"அக்கா, பிழை என்னிலை. அண்ணை கையூண்டித்தான் எழும்பினவர். நான் கண்டனான்."

பெர்னடெட் அவளையே பார்த்தாள். "கண்டிட்டோ தனிய விடச் சொன்னனி?"

"ஓம் அக்கா. கடற்பழக்கம் எண்டு நினைச்சிட்டன்."

"அவளை ஏசாதை," என்றார் சிமியோன், நிலத்தைப் பார்த்தபடி. "கால் ஏலாது எண்டு எனக்குத் தெரியும். ஏழு மாசமா எனக்காண்டி அடைஞ்சு கிடந்தனி. நீயும் வெளியிலை போய் வரவேணும் எண்டுதான் சொல்லேல்லை."

பெர்னடெட் பரீட்சைக் கதிரையைக் காட்டினாள்.

டயலிசிஸ் தொடங்குவதற்கு முன் ஜெனிற்றா கதிரையைச் சுவரோடு வைத்தாள். சிமியோன் அதில் இருந்தார். பெர்னடெட் தானே வந்து அவருடைய வலக்கையை எடுத்து நெஞ்சில் வைத்துவிட்டு விலகி நின்றாள்.

"இப்ப எழும்புங்கோ," என்றாள் ஜெனிற்றா.

முழங்கால்கள் நடுங்கின. முப்பது விநாடியும் முடிந்தது. அவர் கதிரையை விட்டு அசையவில்லை.

ஜெனிற்றா பூச்சியம் என்று எழுதினாள். பிறகு பழைய பக்கத்தைப் புரட்டி, பன்னிரண்டை வெட்டி, அங்கேயும் பூச்சியம் போட்டாள்.

"அதுக்குப் பக்கத்திலை என்ன எழுதுறாய்?" என்று பெர்னடெட் கேட்டாள்.

"என்ரை பேர், அக்கா."

"வாசிக்கக்கூடிய மாதிரி வடிவா எழுது."