ஓசிச் சிப்பாய்

அக்காவின் வீட்டுக்காரர்தான் எங்கள் தையற்கூடத்தின் கட்டிங் மாஸ்டர். உள்ளங்கை அளவு துணி மிஞ்சினாலும் விடமாட்டார். "காலருக்கு ஆகும்" என்று மடித்து வைத்துக்கொள்வார். அந்த மிச்சத்துணி மூட்டைகளை ஜன்னலோரம் அடுக்கப்போவதாகச் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூட்டைக்கு எதற்கு வெளிச்சம்? மூலையில், அழுதுவடியும் டியூப்லைட்டின் கீழ், கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டிக் கண்ணெரிய உட்கார்ந்திருப்பவள் நான்.

எங்கள் கூடத்தில் எந்த வழக்கும் சாப்பாட்டு இடைவேளையில் செஸ் பலகையில்தான் தீரும். ஜெயித்தவர் சொன்னதுதான் சட்டம்.

"தோத்துட்டு உங்க அக்காகிட்ட போய் மூக்கைச் சிந்தக் கூடாது மச்சினி," என்றார்.

"நீங்க சிந்தாம இருந்தா சரி மாமா."

ராணிக்கு முன்னாலிருந்த சிப்பாயை நீட்டினேன், வெட்டினார். அடுத்ததை நீட்டினேன், அதையும் வெட்டினார். அதற்கும் அடுத்தது போனது. "ஓசில வருதே," என்று டிபன் மூடியில் சேர்த்துக்கொண்டார்.

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்தாள். "கிறுக்கச்சி, எல்லாத்தையும் தாரைவார்க்கிறாளே."

ஆனால் சிப்பாய்கள் விலகியதில் என் இரண்டு பிஷப்களுக்கும் வழி திறந்துவிட்டது. அவர் ராஜாவோ இன்னும் நட்டநடுவில். கொஞ்சம் அவகாசம் கிடைத்தால் யானைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வார். அதனால் இன்னொரு சிப்பாயைக் காவலில்லாமல் விட்டேன், வேண்டுமென்றேதான். மாமாவின் கை ராஜாவின் பக்கம் போகப் பார்த்துத் தயங்கியது. இந்த மனிதராவது, கிடைக்கிற துண்டை விடுவதாவது. குதிரையால் வெட்டினார்.

ராணியை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினேன். குதிரைக்கும் குறி, ராஜாவின் பக்கத்துக் கட்டத்துக்கும் குறி. அவர் கண்ணில் குதிரை மட்டும்தான் பட்டது. அதைத் தப்ப வைத்தார். என் ராணி, பின்னால் பிஷப் காவலிருக்க, அவர் ராஜாவை ஒட்டிப் போய் உட்கார்ந்தாள்.

"செக்மேட் மாமா."

அவர் மூடியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "இவ்வளவு சிப்பாய் எங்கிட்டதானே இருக்கு, நான் எப்படித் தோத்தேன்?"

அக்கா சிரித்த சிரிப்பில் ஒரு சட்டை தீயப் பார்த்தது.

மாமா என் மெஷினைத் தானே ஜன்னலோரம் இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். எழுந்து குதிக்க வேண்டும்போல் அவ்வளவு சந்தோஷம்.

"நூல் தெரியுதா?" என்றார்.

"தெரியுது மாமா. இத்தனை நாள் கோணலாத் தைச்சதும் தெரியுது."