தொடாத வீடு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த எங்கள் லைன் வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்ட வந்த கம்பெனி, முதலில் ஒரு பேனர் வைத்தது. கண்ணாடிக் கட்டடம், நீச்சல்குளம், நாயோடு நடக்கும் ஒரு வெள்ளைக்காரி. அதில் எங்கள் வீடு எது என்று வெகுநேரம் தேடினோம். நாய்க்கு இடம் இருந்தது. கையெழுத்துப் போட்டோம்.

நடுவீட்டு ஞானம்மா மட்டும் போடவில்லை. மருந்து கம்பெனி கேன்டீனில் வேலை, புருஷன் செத்துப்போய்விட்டார்.

"யக்கா, உன்னால எல்லாருக்கும் பேஜாரு" என்றார் சங்கத் தலைவர் வரதன்.

"உன் ஊட்ட நீ இடிச்சுக்கோ நைனா. நான் வேணாம்னனா? லிப்ட்ல ஏறி இன்னா பண்ணப்போறேன்? மேல போவ எனக்கு இன்னும் டைம் இருக்குது."

கம்பெனி மேனேஜர் மோகன்ராஜ் சிரித்தார். "உங்க வீட்டைத் தொடவே மாட்டோம்மா. சத்தியம்."

ஞானம்மா அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

எங்கள் லைனில் பெரும்பாலும் யாரும் இரண்டு பக்கமும் சுவர் எழுப்பியதில்லை. செங்கல் மிச்சம் பிடிக்க, முன்னால் கட்டியவர் சுவரோடு அடுத்தவர் ஒட்டிக்கொள்வார். நடுவில் கிடந்த இடத்தில் கடைசியாகக் கட்டியவர் ஞானம்மாவின் புருஷன். முன்சுவர், பின்சுவர் மட்டும் போட்டார். மற்ற இரண்டும் சும்மா கிடைத்த சந்தோஷத்தில் தெருவுக்கே பாயசம் கொடுத்தார். இதையெல்லாம் வரதன் மோகன்ராஜிடம் வேடிக்கைபோலச் சொல்லியிருந்தார்.

ஞானம்மா ஷிப்டுக்குப் போன பிறகு ஜேசிபி வந்தது. இடப்பக்கச் சுவர் வரதனுடையது, வலப்பக்கச் சுவர் அந்தப் பக்கத்து வீட்டு பீட்டருடையது. இரண்டும் கையெழுத்தான சுவர்கள். அவற்றின் மேல் கிடந்த கூரை ஷீட்டுகளை ஆட்கள் பக்குவமாகக் கழற்றி, அவள் கட்டிலின் மேல் அடுக்கினார்கள். ஒன்றுகூட உடையவில்லை. பிறகு ஜேசிபி இரண்டு பக்கச் சுவரையும் தள்ளியது; முன்சுவரும் பின்சுவரும் மட்டும் நின்றன.

அவள் திரும்பி வந்தபோது கட்டில், அடுப்பு, கொடியில் கிடந்த பாவாடை எல்லாம் வெட்டவெளியில் இருந்தன. நாங்கள் தரையைப் பார்த்தோம்.

"பாத்துக்கோங்கம்மா, உங்க செங்கல் ஒண்ணைக்கூடத் தொடலை" என்றார் மோகன்ராஜ்.

ஞானம்மா முன்வாசலுக்குப் போனாள். சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்தாள்.

வரதன் ஒப்பந்தக் காகிதத்தோடு, தன் சுவர் இருந்த இடத்தைத் தாண்டிக் காலை வைத்தார்.

"யார்ரா அது? ஊட்டுக்குள்ள அப்பிடியே வந்துகினு! கதவத் தட்டத் தெரியாது?"

வரதன் எங்களைப் பார்த்தார். எங்களில் ஒருவருக்கும் சிரிக்கத் தைரியமில்லை. அவர் செங்கல் குவியலைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போய்க் கதவைத் தட்டினார்.

ஞானம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஊட்ல ஆளு இல்ல" என்றாள்.