அரசாங்கக் கடனும் நல்லம்மாள் பல்லும்

எண்பத்தாறாம் ஆண்டு ஆவணி மாதத்தில் மலேசிய அரசாங்கம் எனக்கு நானூற்றுப் பன்னிரண்டு வெள்ளி அறுபது காசு தர வேண்டியிருந்தது.

இதைச் சொன்னால் ஈப்போவை ஒட்டிய எங்கள் புந்தோங்கில் ஒருவரும் நம்பவில்லை. அதுவரை நான்தான் எல்லாருக்கும் கடன்காரன். ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்தில் தோட்டக் கடைக்குக் கடன். தோட்டத்தை விற்று எங்களை வெளியே அனுப்பிய பிறகு வாடகைக்குக் கடன், சைக்கிளுக்குக் கடன். அப்படிப்பட்ட பத்துமலையாகிய எனக்கு ஒரு நாடே கடன்பட்டிருக்கிறது என்றால் நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தானே செய்யும்?

எல்லாவற்றுக்கும் காரணம் என் மனைவி நல்லம்மாளின் பல். அந்த வருடத் தொடக்கத்தில் அரசாங்க ஆஸ்பத்திரியில் மிச்சமிருந்த பற்களையெல்லாம் பிடுங்கிவிட்டார்கள். காசு வாங்கவில்லை. பிடுங்குவது இலவசம், கட்டுவதுதான் நம் செலவு. பாசார் சந்தைப் பக்கத்தில் பல்செட்டு செய்யும் லிம்மிடம் போனோம். அவன் அவள் வாயை டார்ச் அடித்துப் பார்த்தான்.

"இப்ப கட்ட முடியாது லா. ஈறு ஆறணும். எட்டு மாசம் கழிச்சு வா. மேல கீழ ரெண்டும் சேத்து முன்னூத்தி எம்பது."

தோட்டம் மூடியபோது வந்த பணத்தில் நானூறு வெள்ளி கையில் இருந்தது. பல் போக மிச்சம் இருபது வெள்ளிக்கு ஒரு புடவை என்று நல்லம்மாள் அங்கேயே முடிவு செய்துவிட்டாள். ஆவணியில் சித்தியவானில் அவள் அண்ணன் அர்ச்சுனனின் மகனுக்குக் கல்யாணம். புதுப் பல்லோடு, புதுப் புடவையோடு போய் இறங்க வேண்டும்.

"பொக்க வாயோட நான் பந்தியில உக்கார மாட்டேன். எங்கண்ணன் ஆட்டுக்கறி பிரியாணி போடுறேன்னிருக்கு. எலும்ப நான் கடிச்சே ஆகணும்" என்றாள்.

சிக்கல் எட்டு மாதம்தான். நானூறு வெள்ளி எங்கள் வீட்டில் எட்டு நாள்கூட இருக்காது. யாருக்காவது காய்ச்சல் வரும், இல்லை எனக்கே தாகம் வரும்.

அப்போதுதான் மத்தியாஸ் வந்தான். எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன். இப்போது ஈப்போ டவுனில் ஒரு கம்பெனிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். கோப்பிக்கடையில் உட்கார்ந்து விளக்கினான்.

"அண்ணே, கவர்மெண்டுக்கும் கைமாத்து தேவைப்படும். மூணு மாசம், ஆறு மாசம்னு பத்திரம் எழுதிக் குடுத்து கடன் வாங்கும். அந்தப் பத்திரமெல்லாம் லட்சக்கணக்குல. தனியா நீங்களும் வாங்க முடியாது, நானும் முடியாது. அதனால கம்பெனி ஆயிரம் பேருகிட்ட சில்லற சில்லறயா வாங்கி, ஒண்ணாச் சேத்து, அந்தப் பத்திரத்த வாங்கும். தவணை முடிஞ்சா பணம் திரும்பும். மறுபடி குடுக்கும். வர்ற வட்டியில கம்பெனி கொஞ்சம் எடுத்துக்கிட்டு மிச்சத்த நமக்குப் பங்கு போடும்."

"தோட்டத்துல சீட்டு மாதிரி கூட்டுப்பணம் போடுவோமே, அது மாதிரியா?"

"கூட்டுப்பணத்துல மொதத் தவணை எடுத்தவன் பொட்டி தூக்கிட்டு ஓடிருவான். கவர்மெண்டு எங்கண்ணே ஓடும்? பினாங்குக்கா?"

இதற்குப் பிறகும் அவன் பேசினான். இது பேங்க் இல்லை, ஒரு பங்கு ஒரு வெள்ளி, ஆனால் அந்த ஒரு வெள்ளி எப்போதும் ஒரு வெள்ளியாகவே இருக்கும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை, வட்டியும் ஏறும் இறங்கும் என்றெல்லாம் சொன்னான். அவன் நீட்டிய தாளிலும் அது அச்சடித்திருந்தது. நான் எழுதப் படிக்கக் கற்றது நாற்பது வயதுக்கு மேல், தொழிற்சங்கத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில். படிக்கச் சொன்னால் நேரமாகும். கையெழுத்து போடச் சொன்னால் ஆசையில் உடனே போட்டுவிடுவேன். போட்டேன், நானூறு வெள்ளியையும் கொடுத்தேன். என் காதில் நின்றது ஒன்றுதான்: கவர்மெண்டு எங்கே ஓடும்?

அர்ச்சுனன் கேள்விப்பட்டு சித்தியவானிலிருந்து பஸ் ஏறி வந்து சிரித்தான்.

"எவ்ளோ மாப்ள வட்டி?"

"நூத்துக்கு அஞ்சு, மச்சான்."

"அஞ்சா! நான் போட்டிருக்கிற கூட்டுறவுல பதிமூணு. நீ கடன் குடுத்திருக்கியா, இல்ல கோயிலுக்கு நன்கொடை குடுத்திருக்கியா?"

மகன் கல்யாணத்துக்கென்று சேர்த்த மூவாயிரத்தையும் அவன் அதில் போட்டிருந்தான். பதிமூன்று வட்டியில்தான் பிரியாணி வருகிறது என்று தெரிந்தது. பல் இல்லாத அந்த எட்டு மாதமும் நல்லம்மாள் விருந்தாளிகள் முன்னால், அண்ணன் முன்னால்கூட, வாயைத் திறப்பதில்லை.

எனக்கு அப்போது சாலை வேலை. அரசாங்கத் தினக்கூலி. அதாவது எனக்குக் கடன்பட்டவனிடமே கூலிக்கு நின்றேன். இது எனக்குச் சரியாகப் படவில்லை. கடன் கொடுத்தவனுக்கு ஒரு கவலை எப்போதும் உண்டு: வாங்கியவன் பணத்தை ஒழுங்காகச் செலவு செய்கிறானா?

செய்யவில்லை. கண்ணெதிரே செய்யவில்லை. தண்ணீர்க் குழாய்க்கென்று ஒரு சாலையைத் தோண்டினோம், மூடினோம், தார் போட்டோம். மறுமாதம் டெலிபோன் கம்பிக்கென்று அதே இடத்தைத் தோண்டச் சொன்னார்கள்.

"மண்டோர், இது என் பணம். ரெண்டு வேலையையும் ஒரே குழியில செஞ்சா என்ன?" என்றேன்.

எங்கள் மேஸ்திரியான மண்டோர் ராமையா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "வெயில் ஏறிருச்சு. இவனுக்குத் தண்ணி குடுங்கடா."

கூட வேலை செய்த சன்னாசி அன்றிலிருந்து என்னை முதலாளி என்றே கூப்பிட்டான். தார் கொஞ்சம் சிந்தினால், "முதலாளி, ஒங்க தார் ஒழுகுது" என்பான். மந்திரி கார் ஒன்று எங்களைத் தாண்டிப் போனபோது, "முதலாளி, ஒங்க காரு போவுது. கை காட்டுங்க, ஏத்திக்குவாங்க" என்றான். எல்லாரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரித்த நேரத்துக்கும் கூலி என் பணம்தான்.

ஆடி மாதம் நல்லம்மாளின் ஈறு ஆறிவிட்டது. தோட்டத்துப் பழக்கப்படி, கடன் தவணை நெருங்கினால் நேரில் போய் ஞாபகப்படுத்த வேண்டும். போன வீட்டில் தேத்தண்ணி கொடுத்தால் குடிக்கக் கூடாது. குடித்தால் வாய் அடைத்துவிடும், பணத்தைக் கேட்க முடியாது. ஆகவே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஈப்போவில் அரசாங்கக் கட்டடத்துக்குப் போனேன். கவுண்டரில் ஒரு மலாய்க்கார இளைஞன் மரியாதையாக என்ன கட்ட வந்தீர்கள் என்று கேட்டான். நான் கட்ட வரவில்லை, நீங்கள்தான் எனக்குக் கட்ட வேண்டும் என்றேன். அவன் உள்ளே போய்ப் பெரிய கிராணி பெர்னார்ட்டைக் கூட்டிவந்தான்.

பெர்னார்ட் கம்பெனி எனக்குக் கொடுத்திருந்த கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார்.

"ஐயா, கவர்மெண்டுக்கு ஒங்களத் தெரியாது."

"ஏழு மாசமா ரோட்டுல நிக்கிறேன், எப்படித் தெரியாது?"

"அதில்ல லா. கவர்மெண்டு கடன்பட்டது கம்பெனி திரட்டின நிதிக்கு. நீங்க அந்த நிதியில பங்கு வாங்கியிருக்கீங்க. ஒங்க பங்கு விலை என்னவோ அதைத்தான் நீங்க வாங்க முடியும். அதுவும் கம்பெனி ஆபீசுல. தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேண்டாம்" என்று அவசரமாக எழுந்துவிட்டேன்.

அவர் சொன்னது எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியைப் புரியவைக்க ஒரு ஊரே சேர்ந்து ஓட வேண்டியிருந்தது. அடுத்த வாரத்தில் கூட்டுறவு நிறுவனங்கள் வரிசையாகப் பணத்தை முடக்கின. அர்ச்சுனன் போட்டிருந்ததும் அதில் ஒன்று. ரேடியோவில் சொன்னார்கள், கோப்பிக்கடையில் இன்னும் பெரிதாகச் சொன்னார்கள். எங்கள் கம்பெனி கூட்டுறவு இல்லை. அதற்கு அரசாங்கப் பத்திரத்தைத் தவிர வேறு வியாபாரமும் இல்லை. ஆனால் பயந்த கூட்டத்துக்குக் கதவுக்குக் கதவு வித்தியாசம் தெரியுமா? கம்பெனி ஆபீசுக்கு நான் போனபோது வரிசை படியிறங்கி, சைக்கிள் கடையைத் தாண்டி நின்றது. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது.

கவுண்டரில் இருந்த பெண் பெட்ரீசியாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"ஒங்க கணக்குல நானூத்திப் பன்னெண்டு பங்கும் சொச்சமும் இருக்கு அங்கிள். ஒரு பங்கு இன்னிக்குத் தொண்ணூத்தி ஒம்பது காசு."

"ஒரு வெள்ளின்னுல்ல சொன்னாங்க?"

"நேத்துவரைக்கும் ஒரு வெள்ளி. எல்லாரும் ஒரே நேரத்துல கேட்டா எங்ககிட்ட ரொக்கம் ஏது? தவணை முடியாத பத்திரத்த வித்துதான் குடுக்கிறோம். அவசரமா வித்தா கொஞ்சம் கொறச்சுத்தான் கேப்பாங்க."

"கவர்மெண்டு ஏமாத்திருச்சா?"

"கவர்மெண்டு தவணைக்குச் சரியாக் குடுக்குது அங்கிள். தவணைக்கு முன்னாடி கேக்கிறது நாமதான். நீங்க அவசரமில்லன்னா இருங்க, திரும்பவும் ஒரு வெள்ளி ஆகலாம். ஆகும்னு நான் சத்தியம் பண்ண முடியாது."

எனக்கு முன்னால் நின்ற நூறு பேரைப் பார்த்தேன். பின்னால் நின்ற நூறு பேரைப் பார்த்தேன். எல்லார் முகத்திலும், பங்குக்கு ஒரு காசாகக் குறைந்துபோன என் நாலு வெள்ளி இருந்தது. அவர்களில் பாதிப் பேர் என் முகத்திலும் தங்கள் காசைத் தேடினார்கள்.

"அவசரந்தாம்மா. பல்லு" என்றேன்.

"வலிக்குதா?"

"எனக்கில்ல."

வழக்கமாக மூன்று நாளில் கிடைக்கும் பணம், கூட்டத்தினால் ஒரு வாரம் என்றாள். லிம்மிடம் ஓடினேன். அவன் நல்லம்மாள் வாயில் மெழுகு வைத்து அச்சு எடுத்தான். எடுத்தபின் விலையைச் சொன்னான்.

"நானூத்தி அஞ்சு."

"முன்னூத்தி எம்பதுன்னு சொன்னியே!"

"அது எட்டு மாசம் முன்னாடி லா. சாமான் வெல ஏறிப்போச்சு. ஒன் பணமும் எட்டு மாசமா வட்டி தின்னுச்சுல்ல?"

தின்றது பன்னிரண்டு வெள்ளி அறுபது காசு. பல்லின் விலை ஏறியது இருபத்தைந்து வெள்ளி. என் பணம் சைக்கிளில் போனது, பல் மோட்டாரில் போயிருக்கிறது. வாயில் மெழுகோடு நல்லம்மாள் என்னைப் பார்த்தாள். பேச முடியாததால் கண்ணாலேயே திட்டினாள். காசு மேசைக்கு வந்தால்தான் பல் கைக்கு வரும் என்று லிம் சொல்லிவிட்டான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை காலை பணம் வந்தது. நானூற்று எட்டு வெள்ளி நாற்பத்தேழு காசு. லிம்முக்குக் கொடுத்தது போக மூன்று வெள்ளி நாற்பத்தேழு காசு மிச்சம். புடவை சுருங்கி மல்லிகைப் பூவானது. அரசாங்கம் எனக்கு நாலு வெள்ளி பதிமூன்று காசு பாக்கி என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

நல்லம்மாள் லிம்மின் கண்ணாடியில் சிரித்தாள். மறுபடி சிரித்தாள். "கொஞ்சம் குதிர மாதிரி இருக்கோ?" என்று கேட்டாள். நான் இல்லை என்றேன். லிம், "புதுக் குதிர லா" என்றான்.

மறுநாள் பஸ்ஸில் போகும்போது அர்ச்சுனனிடம் என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன். பதிமூன்று வட்டி, நன்கொடை, எல்லாம் வட்டியோடு திருப்பித் தரத் தயாராக வைத்திருந்தேன்.

பந்தியில் உட்கார்ந்தோம். இலையில் சோறு வந்தது. சாம்பார் வந்தது. பூசணிக்காய்க் கூட்டு வந்தது. பாயசம் வந்தது. நல்லம்மாள் புதுப் பல்லோடு ஆட்டுக்கறி வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டுக்கறி வரவில்லை. பிரியாணி மூவாயிரத்தோடு முடங்கிக் கிடந்தது. பச்சைக்குழந்தை ஈறால் மென்று விழுங்கக்கூடிய சாப்பாடு அது.

அர்ச்சுனன் வாளியோடு எங்கள் முன்னால் வந்து நின்றான். சட்டை தொளதொளவென்று இருந்தது. இரண்டே வாரத்தில் ஆள் இளைத்துவிட்டான்.

"தங்கச்சி, மன்னிச்சிரு. எலும்பு ஒண்ணும்..." என்றான். குனிந்து சாம்பார்க் கரண்டியால் வாளியைக் கிளறினான்.

நான் ஒத்திகை பார்த்ததைத் தொடங்க வாயைத் திறந்தேன். நல்லம்மாள் இலைக்கடியில் என் தொடையைக் கிள்ளினாள். பிறகு தாம்பூலத் தட்டை இழுத்து, சீவாத கொட்டைப்பாக்கு ஒன்றை எடுத்து, வாயில் போட்டு, கடித்தாள். பந்தி முழுக்கக் கேட்டது அந்தச் சத்தம். மாப்பிள்ளையே திரும்பிப் பார்த்தான்.

"எலும்பு எதுக்குண்ணே? இது போதாதா? சாம்பார் ஊத்து" என்றாள்.

அர்ச்சுனன் சிரித்தான். சிரித்துக்கொண்டே தோள் துண்டால் கண்ணைத் துடைத்தான். அப்புறம் குனிந்து என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "மாப்ள, ஒன் கவர்மெண்டு முழுசாக் குடுத்துச்சா?"

"நாலு வெள்ளி பதிமூணு காசு பாக்கி, மச்சான்."

"விடாத. கேட்டு வாங்கு."

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். குழாயில் ஒழுக்கு என்று அதே சாலையில் அதே இடத்தைக் காட்டினார் ராமையா. மூன்றாம் முறை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். சன்னாசி மண்வெட்டியில் தாடையை ஊன்றிக்கொண்டு, "முதலாளி என்ன சொல்றீங்க?" என்றான்.

நாலு வெள்ளி பதிமூன்று காசை யாரிடம் போய்க் கேட்பது? அரசாங்கம் தவணைக்குக் கொடுத்துவிட்டது. கம்பெனி விற்றதைக் கொடுத்துவிட்டது. முண்டியடித்த கூட்டத்திடம் கேட்கலாம் என்றால் அதில் நானும் நின்றேன். நல்லம்மாள் பாக்குக் கடித்த சத்தத்துக்கு அந்தக் காசு சரியாகப் போயிற்று என்று அங்கேயே தள்ளுபடி செய்துவிட்டேன்.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்லடா. இனிமே இது என் பணமில்ல" என்றேன்.

எட்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் கவலையில்லாமல் குழி தோண்டினேன்.