விடுதிக்காரியை அடித்தால்தான் வழி

ஓசியில் ஒன்று கிடைக்கிறது என்றால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கும் என்று அடித்துச் சொல்கிறவள் அக்கா. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் மேற்பார்வை அவளுடையது. படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் அங்கி எதுவும் அவள் கண்ணில் படாமல் மாடி ஏறாது. துணி ஏற்றிப் போகும் வேன்காரர் அவளைவிட மூத்தவர். அவரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார், பயம்தான் காரணம். அவள் அவரை அண்ணே என்பாள். இதில் யார் மூத்தவர் என்று அங்கே யாரும் கேட்டதில்லை.

அப்பேர்ப்பட்டவள் மதியச் சாப்பாட்டு வேளையில் துணி மூட்டைமேல் உட்கார்ந்து செல்போனில் ஒரு ஓசி விளையாட்டை இறக்கிக்கொண்டிருந்தாள் என்றால் அதற்குத் தம்பிதான் காரணம். அந்த விளையாட்டில் வருகிறவர்கள் பேசும் வசனமெல்லாம் அவன் எழுதியது. அம்மா போன பிறகு அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. போன வருஷம் இந்த வேலைக்காக வெளியூர் கிளம்பினான். வீட்டில் பெரிய ரகளை. அவள் வாசல் கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டாள், அவன் பின்பக்கச் சுவரேறிக் குதித்துப் போனான். அதோடு சரி, வீட்டுப் பக்கம் தலைகாட்டவே இல்லை. போனில் மட்டும் பேசுவான். உடம்பு எப்படி இருக்கு, மாத்திரை போட்டியா என்று நர்ஸ் மாதிரி விசாரித்துவிட்டு வைத்துவிடுவான்.

அவன் ஒரே ஒரு தடவை வீட்டுக்கு வரவேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். வாய்விட்டுக் கேட்க வறட்டுக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. விளையாட்டைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னால் பேச்சு வளரும், பேச்சோடு பேச்சாக வந்து போயேன் என்று சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

நல்லதாகச் சொல்லத்தான் ஒன்றும் அகப்படவில்லை. எடுத்த எடுப்பிலேயே உன் பொம்மைக்கு மூக்கைத் தேர்ந்தெடு என்றது. மூக்கு முடிந்தால் முடி, முடி முடிந்தால் காதின் நீளம். அப்புறம் ஒரு ராஜா வந்தான். முன்பின் தெரியாதவள் கையில் கத்தியைத் திணித்து நாட்டைக் காப்பாற்று என்றான். நாட்டைக் காப்பாற்றுவது என்றால் எலி அடிப்பதாம். எலி அடிக்க அவளுடைய கிடங்கிலேயே வேலை கிடந்தது. எலிக்கு எலி நடுவில் விளம்பரம் வேறு. விளம்பரம் போனால் இவள் பொம்மை சுவரில் முட்டிக்கொண்டே நடந்துகொண்டிருந்தது. கூட விளையாடும் முகம் தெரியாத ஆட்கள் கோடாலியும் கையுமாக அதைச் சுற்றித் தவளை மாதிரி குதித்தார்கள்.

"என்ன அண்ணே இது, எங்க பாத்தாலும் குதிக்குதுங்க?"

"அக்கா, அது வணக்கம் சொல்றது. நீங்களும் குதிங்க." வேன்காரர் இந்த விளையாட்டில் ஊறிப்போனவர். வண்டியில் துணி ஏறும் நேரமெல்லாம் இதுதான் அவருக்கு.

"நான் எதுக்குக் குதிக்கணும்? எனக்கென்ன பைத்தியமா?"

"சரி விடுங்க. ஊர்க்கோடியில விடுதி இருக்கும், அங்க போங்க. அந்த விடுதிக்காரிய அடிச்சுப் போட்டுச் சாவிய எடுத்தாத்தான் ஊரத் தாண்ட முடியும். வேற வழியே கிடையாது. பேய்க் கிழவிக்கா, வாயத் தொறந்தா விஷம். அவள அடிக்கிறதுக்குன்னே மறுபடி மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கிற ஆளுங்க இருக்காங்க. நானே அடிச்சிருக்கேன்." பெருமையாகச் சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுக்கப் போனார்.

விடுதிக்குள் ஒரு பொம்பளை கரண்டியும் கையுமாக நின்றாள். அவள் தலைக்கு மேல் எழுத்து ஓடியது.

"மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நின்னா சாப்பாடு தானா தொண்டையில இறங்குமா? உக்காரு."

அக்காவுக்குச் சுருக்கென்றது. அடுத்த வரி வந்தது.

"ஈரத் தலையோட திரியாத. சளி பிடிச்சா தூக்கிச் சுமக்க இங்க ஆளில்ல."

"வெளியில உனக்குன்னு யாரு கம்பளம் விரிச்சு வச்சிருக்கா? வாய மூடிட்டு உள்ள இரு."

ஒரு சொல் பிசகாமல் அவள் சொன்னவை. அவள் அடுப்படியில், அவள் வாயால், அவனிடம் சொன்னவை. கீழே சின்னக் கட்டத்தில் மற்ற ஆட்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். செத்துத் தொலை கிழவி. இவ வாயில ரெண்டு போடு. ஹாஹா, விழுந்துட்டா. விழுந்தவள் அடுத்தவன் அடிப்பதற்காகத் திரும்ப எழுந்து நின்றாள்.

அக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவமானம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். தலையில் நாலு முடி நரைத்ததற்குள் கிழவியாம். விளையாட்டை அப்படியே விட்டுவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டாள்.

"ஏன்டா, ஊரே சேர்ந்து அடிக்கட்டும்னுதான் என்னைக் கொண்டுபோய் அங்க நிறுத்தினியா?"

"விளையாடிப் பாத்தியாக்கா?"

"பாத்தேன், கண்குளிரப் பாத்தேன். கொம்பு ஒண்ணுதான் குறைச்சல், அதையும் வச்சிருக்கலாமே."

"அது நீ இல்லக்கா. சும்மா ஒரு பாத்திரம்."

"யாருக்குடா காது குத்தற? நான் பேசினது எனக்கே தெரியாதா? உனக்கு ஆக்கிப் போட்டு ஆளாக்கினதுக்கு நல்லா செஞ்சுட்டடா."

அக்கா மூட்டையிலிருந்து இறங்கி நின்றாள்.

"சரி, அவ ராட்சசியாவே இருக்கட்டும். அடிக்காம வெளிய போக ஒரு வழி வச்சியா? போயிட்டு வரேன்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாக்க விட்டியா? சொன்னா திறக்க மாட்டாளா அவ?"

"முதல்ல அதத்தான் வச்சிருந்தேன்க்கா. போயிட்டு வரேன்னு சொல்றதுக்குத் தனியா ஒரு பட்டன் இருந்துச்சு."

"எங்க அது? நான் பாக்கலையே?"

"எடுத்துட்டேன்."

"ஏன்?"

"சொன்னா அவ ஏதாவது பதில் சொல்லணும்ல. அன்னிக்கு நான் சொன்னப்ப நீ என்ன சொன்ன?"

அக்காவுக்கு ஞாபகம் இருந்தது. போறவன் அப்படியே போ, என் பொணத்தப் பாக்கக்கூட வராத என்று பூட்டிய கதவில் சாய்ந்துகொண்டு சொன்னாள். அன்றிலிருந்து, சுவரேறிப் போனான், சொல்லாமல் போனான் என்றுதான் கண்டவரிடமெல்லாம் புலம்பியிருக்கிறாள். அவன் சொல்லிக்கொண்டு போனதையும், தான் சொன்னதையும் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

"அத அவ வாயில வைக்க எனக்கு மனசு வரலக்கா. வேற எழுதிப் பாத்தேன், எதுவும் ஒட்டல. வர்றவன் போறவன் அடிச்சாக்கூடப் பரவால்ல, அவ அத மட்டும் சொல்லிட வேண்டாம்னு பட்டனையே எடுத்துட்டேன்."

சலவை இயந்திரம் பின்னால் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"அந்தப் பட்டனத் திரும்ப வை," என்றாள் கடைசியில். குரல் இன்னும் சண்டைக்காரி குரலாகத்தான் இருந்தது.

"வச்சா பதில்?"

"பதிலும் கிடையாது ஒண்ணும் கிடையாது. அவ போய்க் கதவத் திறக்கட்டும். வாயே திறக்க வேண்டாம்."

"சரிக்கா," என்றான் தம்பி.

வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.