ஒரு விரல் கோணல்

என் அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. பொய் சொல்லத் தெரியாதவர்களுக்கென்று ஒரு போட்டி வைத்தால் முதல் பரிசை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் கெடைக்கல" என்று வீட்டுக்கு வந்து நிற்பான்.

அப்படிப்பட்டவன் அன்று என் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் மலர்ந்து, "ரேக் போச்சு" என்றான்.

கெட்ட செய்தி சொல்லும்போது மெக்கானிக்குகள் உச்சுக் கொட்டுவார்கள், தலையைச் சொறிவார்கள். சந்தோஷப்படுகிற மெக்கானிக்கை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

அவனைக் கேட்காமல் கார் வாங்கியது தப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டிருந்தால் இந்த ஜென்மத்தில் வாங்கியிருக்க முடியாது. எந்த வண்டியைக் காட்டினாலும் பானெட்டைத் திறப்பான், குனிவான், மோந்து பார்ப்பான், "வேணாம்" என்பான். அதனால் நான் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை லேபில், ஓய்வுபெற்று மகனிடம் போகிற ஒரு பெரியவரிடமிருந்து அவருடைய பழைய சிவப்புக் காரை வாங்கினேன். நேராக ஓட்டிக்கொண்டுவந்து எங்கள் ஷெட் வாசலில் நிறுத்தினேன். ஷெட்டுக்குப் பின்னால்தான் வீடு. அண்ணன், அண்ணி, நான். அப்பா அம்மா போன பிறகு எனக்கு எல்லாமே அந்த அண்ணன்தான்.

புது வேலை கிடைத்திருந்தது. வேறு ஊர். காரில் போனால் ஐந்து மணி நேரம். படுக்கையை விட்டு எழ முடியாத நோயாளிகளின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்துவர வேண்டும். சொந்த வண்டி இருந்தால்தான் வேலை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும். அன்று வியாழன்.

காரைப் பார்த்ததும் அண்ணன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். சாவியை வாங்கித் தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தான். "ஸ்டீயரிங் நேரா நிக்குது" என்று வேண்டா வெறுப்பாகச் சொன்னான். அவன் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. கோணல் ஸ்டீயரிங் அவனுக்கு ஆகவே ஆகாது. வண்டி நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் பல்லில் எதுவோ சிக்கிய மாதிரி தவிப்பான். ஒரு தடவை வேலை முடிந்து கிளம்பிவிட்ட ஒரு ஆளைத் தெருமுனை வரைக்கும் துரத்திப் பிடித்து, திரும்பக் கூட்டிவந்து, நேராக்கி அனுப்பினான். அண்ணன் அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்து அந்த ஆள் கண்ணாடியை ஏற்றிவிட்டார். எங்கள் ஷெட்டில் அதற்கு மெஷின் கிடையாது. நாலு சக்கரத்தையும் சுற்றி நூல் கட்டிப் பார்ப்பான். மெஷின் தோற்றுவிடும்.

ஸ்டீயரிங்கில் குற்றம் கிடைக்காததால் அடியில் நுழைந்தான். அங்கேதான் கிடைத்தது.

"ரேக்னா? மொத்தமாவா?" என்றேன்.

"மொத்தமா. பூட் கிழிஞ்சு உள்ள தண்ணி, மண்ணு எல்லாம் போயி அரிச்சிடுச்சு. புது ரேக்குக்குச் சொல்லி விடணும். இந்த மாடலுக்கு இங்க கெடைக்காது. வர பத்து நாள் ஆகும். பதினஞ்சு கூட ஆகலாம்."

"திங்கக்கெழம சேரணும் அண்ணா."

"ஸ்டீயரிங் ரேக் போன வண்டிய எடுத்துட்டுப் போறியா? நான் விடுவேனா? ஃபோன் பண்ணிச் சொல்லிடு. வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு." கடைசி வார்த்தையை அவசரமாக விழுங்கினான். பிறகு, "டீ குடிச்சிட்டு வரேன்" என்று வேட்டு வெடித்ததுபோல் கிளம்பிவிட்டான்.

இருந்த சேமிப்பெல்லாம் அந்தக் காரில் போயிருந்தது. வேலையும் போய்விடுமோ என்று அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அவன் கை துடைத்துவிட்டுப் போட்ட துணி கண்ணில் பட்டது.

துணியில் கிரீஸ் இருந்தது. தேன் நிறத்தில், சுத்தமாக.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரத்தைத் தள்ளுவது ரேக் என்கிற இரும்புத் தண்டு. அதன் முனையில் தூசி, தண்ணீர் படாமல் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை மாட்டியிருக்கும். அதுதான் பூட். அது கிழிந்து உள்ளே தண்ணீர் போயிருந்தால் கிரீஸ் பாலாடை மாதிரி வெளுத்துவிடும். மண் போயிருந்தால் விரலில் நறநறக்கும். நான் தொட்டுப் பார்த்தேன். வழுவழுவென்றிருந்தது.

என் பெயர் இந்த ஷெட்டில் எலி. கீழே விழுந்த நட்டை எடுக்க வண்டிக்கு அடியில் போய் வந்தே பட்டப்பெயர் வாங்கியவள். அவனுக்கு லைட் பிடித்தே வளர்ந்தவள். எனக்கே காதில் பூ சுற்றுகிறான்!

லைட்டை எடுத்துக்கொண்டு அடியில் போனேன். இடது பக்க பூட்டில் ஒரு மடிப்பு வெடித்திருந்தது. பழசாகிப் பொருக்குத் தட்டிய ரப்பர். விரித்து உள்ளே பார்த்தால் தண்டு பளபளவென்று இருந்தது, ஒரு பொட்டுத் துரு இல்லை. சக்கரத்தோடு இணைக்கிற கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஒரு டொக் சத்தம் இல்லை. கிழிந்து ரொம்ப நாளாகவில்லை. பூட்டை மாற்றினால் போதும். அரைநாள் வேலை.

கோபம் தலைக்கேறியது. நேராகச் சமையலறைக்குப் போய் அண்ணியிடம் கொட்டினேன். அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"பொய்யின்னு எனக்கும் தெரியும்" என்றாள். "டீக்குப் போற வழியில உள்ள வந்து தண்ணி குடிச்சாரு. மூஞ்சியப் பாத்தேன். திருடுன பூனை மாதிரி இருந்துச்சு."

"அப்போ நீங்க கேக்கலியா?"

"கேட்டா என்ன சொல்வாரு? 'அவ போயிட்டா எனக்குக் கஷ்டமா இருக்கும்'னு சொல்லத் தெரிஞ்சா எதுக்கு ரேக் மேல பழி போடணும்? நீ வேலை கெடைச்சுதுன்னு சொன்ன அன்னிலேருந்து மனுஷன் சரியாவே சாப்பிடல எலி. எனக்கு வாய்ச்சது அப்படி. என்ன பண்றது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வெங்காயம்" என்றாள்.

எனக்குக் கோபம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதியை விடக்கூடாது என்று பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் உதிரிபாகக் கடைக்குப் போனேன். பூட்டை நானே வாங்கி, நானே மாட்டி, அவன் முகத்துக்கு நேராக வண்டியை ஓட்டிக் காட்டுவது என்று திட்டம். கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"ரேக் பூட்டா? இப்பதானே உங்க அண்ணன் வாங்கிட்டுப் போறாரு. கடை தொறக்கறதுக்கு முன்னாடியே வந்து நின்னுட்டிருந்தாரு."

"ரேக் எதுவும் சொல்லி விட்டானா?"

"ரேக்கா? எதுக்கு? ரேக் நல்லாருக்கு, பூட் மட்டும்தான்னாரே."

திரும்பி வரும்போது மீதிக் கோபத்தைத் தேடிப் பார்த்தேன். இல்லை.

ஷெட்டில் கார் முட்டுமேல் நின்றது. சக்கரம் கழற்றியாகிவிட்டது. அண்ணனின் கால் இரண்டு மட்டும் வெளியே தெரிந்தது. நான் லைட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய்ப் படுத்தேன்.

"லைட்ட கொஞ்சம் மேல காட்டு" என்றான்.

காட்டினேன்.

"ரேக் அவ்வளவு மோசமில்ல. இப்ப நல்லாப் பாத்தேன்."

"அப்படியா? ராத்திரியோட ராத்திரியா குணமாயிடுச்சா?"

அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான். அடியில் படுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், எஞ்சினைப் பார்த்துச் சொன்னான். "நீ போகாம இருந்தா நல்லாருக்கும்னு தோணிச்சு எலி. வேற ஒண்ணுமில்ல. நீ இல்லாத வீட்ட நெனச்சா எனக்கு என்னமோ பண்ணுது. ஆனா நீ பாக்கப் போறது நல்ல வேலை. படுத்துக் கெடக்கறவங்களுக்கு யாரு வீடு தேடிப் போறா? போய்ட்டு வா."

"இத நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

"நேத்து வாயில ரேக்தான் வந்துச்சு."

இரண்டு பேரும் சிரித்தோம். அடியில் படுத்துச் சிரித்தால் கண்ணில் தூசி விழும். விழுந்தது. அதனால்தான் கண் கலங்கியது என்று இரண்டு பேரும் வைத்துக்கொண்டோம்.

கம்பியின் முனையைக் கழற்றுவதற்கு முன்னால், எதுவரைக்கும் திருகியிருக்கிறது என்று மரையில் ஒரு கோடு போட்டான். எங்கள் ஷெட்டில் அந்தக் கோட்டுக்கு அண்ணியின் சிவப்பு நெயில் பாலிஷ்தான். சாக்பீஸ் அழிந்துவிடும், இது போகாது. கல்யாணமான நாளிலிருந்து அண்ணன் வாங்கித் தருகிற பாட்டில் எல்லாம் வண்டிகளுக்கே போகிறது என்று அண்ணி சொல்லிக் காட்டாத நாளில்லை. கோடு போட்டபின் முனையைக் கழற்றி, பழைய கிளாம்பை வெட்டி, வெடித்த பூட்டை உருவி எடுத்தான். தண்டைத் துடைத்துப் புது கிரீஸ் வைத்தான். புது பூட்டின் வாயை அதன் பள்ளத்தில் உட்கார வைப்பதை என்னிடம் விட்டான். இடுக்கில் அவன் விரல் போகாது, என் விரல் போகும். உட்கார்ந்ததும், முறுக்கில்லாமல் மடிப்பெல்லாம் நேராக இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, புது கிளாம்ப் போட்டு இறுக்கினான். கம்பி முனையைச் சிவப்புக் கோடு வரைக்கும் சரியாகத் திருகி நட்டை இறுக்கினான். கோடும் நட்டும் மயிரிழை இடமில்லாமல் தொட்டுக்கொண்டு நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

"நீ போய்ப் பெட்டி கட்டு. நூல் கட்டி ஒருதடவை பாத்துட்டு எறக்கிடறேன்" என்றான்.

ஞாயிறு காலையில் கிளம்பினேன். அண்ணி பின்சீட்டில் இடமில்லாதபடி பொட்டலங்களை அடுக்கினாள். அண்ணன் நாலு டயரையும் உதைத்துப் பார்த்தான். நான் தெருவுக்குள் வண்டியை இறக்கி நேராக ஓட்டியதும் பிரேக் போட்டேன். ஸ்டீயரிங் இடது பக்கம் ஒரு விரல் அளவு சாய்ந்திருந்தது.

"அண்ணா, கோணலா இருக்கே!"

ஓடி வந்தான். ஜன்னலில் குனிந்து ஸ்டீயரிங்கைப் பார்த்தான். தெருமுனை வரைக்கும் ஆளைத் துரத்தியவன் அவன். நான் வண்டியைத் திருப்பத் தயாரானேன்.

"புது பூட் இல்ல? செட்டாகணும்" என்றான். "ஒரு மாசம் ஓட்டு. அப்புறம் கொண்டாந்து விடு, நேராக்கித் தரேன். வேற எவன்கிட்டயும் குடுத்துடாத, கெடுத்துடுவானுங்க." சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்தான்.

பூட்டுக்கும் ஸ்டீயரிங் சாய்வதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது எனக்குத் தெரியும். ஆனால் நேரமாகிவிட்டது. புது இடத்தைப் பற்றிய பயம் வேறு. சரி என்று கிளம்பிவிட்டேன்.

புது ஊரில் காலையில் ஆறு வீடு, ஏழு வீடு என்று சுற்றினேன். அறைக்குத் திரும்பினால் பேச ஆளில்லை. முதல் வாரம் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. காரில் உட்காரும்போது மட்டும் அந்தக் கோணல் ஸ்டீயரிங்கைப் பார்த்து ஒரு எரிச்சல் வரும். அந்த எரிச்சலே வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கும். இருந்தாலும் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடுமோ என்று பயந்து, ஒரு நாள் டயர் கடையில் நிறுத்தினேன். டயர்காரர் மெஷினை மாட்டிப் பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"சக்கரமெல்லாம் டாண்ணு இருக்குங்க. ஒரு பிசிறு இல்ல. டயர் தேயவே தேயாது. ஸ்டீயரிங் மட்டும்தான் சாஞ்சிருக்கு."

"அது எப்படிங்க?"

"ஒரு பக்கம் எவ்வளவு உள்ள திருகியிருக்கோ, இந்தப் பக்கம் கரெக்டா அவ்வளவு வெளிய திருகியிருக்கு. தப்பாப் பண்ணா இப்படி அளவா வராது. வேலை தெரிஞ்ச ஆளு வேணும்னே பண்ணது. எதுக்குன்னுதான் புரியல. நேர் பண்ணிடவா?"

குனிந்து பார்த்தேன். சிவப்பு நெயில் பாலிஷ் கோடு நட்டை விட்டு விலகி, தனியாகத் தெரிந்தது.

எனக்கு ஒரு கெடுதலும் வராமல், டயர் ஒரு நூல் தேயாமல், நான் திரும்பி வர ஒரு காரணத்தை மட்டும் என் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறான். பொய் சொல்லத் தெரியாதவன் சொன்ன ஒரே நல்ல பொய். நான் அந்தக் கடையில் குந்தியபடியே அழுதேன். டயர்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

"வேணாங்க. அப்படியே இருக்கட்டும்" என்றேன். "எங்க அண்ணன் பாத்துப்பான்."

மாசக் கடைசி ஞாயிறன்று வீட்டுக்குப் போனேன். அண்ணி வாசலிலேயே நின்றிருந்தாள். அண்ணன் என்னைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பார்த்தான். "ஓ, இன்னும் கோணலாவா இருக்கு?" என்று ஆச்சரியப்பட்டான். அவன் நடிப்பைப் பார்த்து அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஒன்றும் தெரியாதவளாக லைட்டைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் படுத்தேன். நூல் கட்டினான், அவிழ்த்தான், மறுபடி கட்டினான். நாள் முழுக்க அந்த வேலைதான். பேச்சு மட்டும் நிற்கவே இல்லை. புது ஊரில் பார்த்த ஒவ்வொரு வீட்டையும் கேட்டான், ஒவ்வொரு நோயாளியையும் கேட்டான்.

சாயங்காலம் கிளம்பும்போது ஸ்டீயரிங் நட்டநடுவில், கோடு போட்டதுபோல் நேராக நின்றது. எனக்குப் பகீரென்றது. அவன் முகத்தைப் பார்த்தேன். அவனும் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணா" என்றேன். "கொஞ்சம் வலது பக்கம் சாஞ்ச மாதிரி இருக்கே."

ஒரு நிமிஷம் அவனுக்கு விளங்கவில்லை. பிறகு மெதுவாக விளங்கியது. காது வரைக்கும் சிவந்துபோய், துணியால் கையைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினான்.

"ஆமா எலி. எனக்கும் அப்படித்தான் தெரியுது. அடுத்த மாசம் கொண்டா, பாத்துடலாம்."