முதல் பேச்சு

அர்ச்சுனன் பாய்ந்து உடையப்பன் கங்காணியின் மணிக்கட்டைப் பிடித்தான். கங்காணியின் விரல் சீட்டுக்கட்டின் அடியில் பாதி நுழைந்திருந்தது.

"கையை எடுங்க கங்காணி. இன்னொரு தடவ தொட்டீங்க, வெரல் இருக்காது."

"ஈ ஓட்டினேன்டா. ஈப்போவுல எவன் காரையோ தொடைக்கிறதுக்கே கொம்பு மொளைச்சிடுச்சா?"

குனோங் ராபாட் மலையடியில் ஒரு காப்பிக்கடையின் பின்கட்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சீட்டுப் போட்டவன் ரப்பர் தோட்டத்துப் பங்களா சமையல்காரன் சீனி. வெள்ளைக்காரத் துரைகள் ஆடும் போக்கரைப் பார்த்துப் பழகி, கூலிக்காரர்களின் லயத்துக்கே கற்றுக்கொடுத்தவன்.

இன்றைய பந்தயம் காசு அல்ல, ஆள். அர்ச்சுனனின் தங்கை இருளாயி, கங்காணியின் கூட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் இறக்குகிறாள். கங்காணி தலையாட்டாமல் அங்கிருந்து யாரும் வெளியேற முடியாது. அர்ச்சுனன் ஒருவன்தான் ஓடித் தப்பியவன். அதன்பின் தோட்டத்துப் பக்கமே அவன் தலைகாட்டியதில்லை. இன்று அவன் ஜெயித்தால், தங்கையை இனி யாரும் தடுக்கக்கூடாது. தோற்றால், அவனே திரும்பிப்போய்ப் பால்வெட்டுக் கத்தி பிடிக்க வேண்டும். முனியாண்டி பேரில் கற்பூரம் அணைத்து இருவரும் சத்தியம் செய்தாயிற்று.

வேண்டாத சீட்டை மாற்றிக்கொண்டார்கள். அர்ச்சுனன் கையில் இரண்டு ராஜா, இரண்டு ராணி. நல்ல கைதான். வெல்லவே முடியாத கை என்று சொல்வதற்கில்லை.

"முதல் பேச்சு ஒன்னுது அர்ச்சுனா," என்றான் சீனி.

அதுதான் வினை. முதலில் பேசுகிறவனுக்கு எதிராளியைப் பற்றி ஒன்றும் தெரியாது. பின்னால் பேசுகிறவனோ இவனை அளந்துவிட்டுப் பேசுவான். பந்தயத்தை ஏற்றிவிட்டு மாட்டிக்கொள்ள அர்ச்சுனன் விரும்பவில்லை. விரல் முட்டியால் மேசையைத் தட்டினான். ஏற்றவில்லை, உன் முறை என்று அர்த்தம்.

கங்காணி உரக்கச் சிரித்தான்.

"தட்டுறான் பாரு சீனி! இவங்கப்பனும் இப்படித்தான், நெழலைக் கண்டாலே ஒதுங்குவான்."

"அப்பனை இழுக்காதீங்க. ஆட்டத்தைப் பேசுங்க."

"பேசுறேன்டா. இருளாயியோட சேத்து அவ புருசன் பிச்சைமுத்துவையும் வைக்கிறேன். நீ ஒம் பொண்டாட்டி பாப்பாவ வை. தைரியம் இல்லியா, சீட்டைக் கவுத்துட்டு எம் பின்னால வாடா!"

அர்ச்சுனன் சீட்டை மார்போடு சேர்த்துக்கொண்டான். பாப்பா வயிற்றுப் பிள்ளைக்காரி. அவளை அந்த லயத்துக்கா?

கங்காணியின் முகத்தைப் பார்த்தான். ஒரு சலனமும் இல்லை. காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் வந்து நிற்கும் ஒவ்வொரு ஆளுக்கும் இவனுக்குத் தலைக்காசு உண்டு. அதற்காகக் காய்ச்சல்காரனைக்கூட உதைத்து எழுப்பி வரிசையில் நிறுத்துகிறவன். ஒரு தலை குறைந்ததற்கே, அர்ச்சுனன் ஓடிய அன்றைக்கு, ஆள் விட்டுத் துரத்தியவன். அப்பேர்ப்பட்டவன் இரண்டு தலையைக் கூசாமல் எடுத்து வைக்கிறான் என்றால் கையில் என்ன இருக்க வேண்டும்?

"என்னடா, நாக்கு ஒட்டிக்கிச்சா?"

தான் ஒருவன் போவதோடு போகட்டும். அர்ச்சுனன் சீட்டைக் கவிழ்த்தான்.

"அண்ணே, நீங்க காட்டணும்னு இல்ல," என்று சீனி முணுமுணுத்தான். கங்காணி கேட்கவில்லை. ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டான். ஏழு. நாலு. ஒன்பது. பத்து. ரெண்டு. ஒரு ஜோடிகூட இல்லை.

அர்ச்சுனன் நாற்காலி சரிய எழுந்தான்.

"அடப்பாவி! இந்தக் குப்பைக்கா ரெண்டு ஆளை வச்சே? நா ஒத்துக்கிட்டிருந்தா ரெண்டு பேரையும் விட்டிருப்பியே!"

"எதைடா விடுறது, போடோ, மடப்பயலே?" கங்காணி துண்டை உதறித் தோளில் போட்டான். "ஒந் தங்கச்சியும் மச்சானும் வெள்ளிக்கிழமையே தெலுக் இந்தான் பக்கம் ஓடிட்டாங்க."