வேண்டாமென்று சொன்ன ஓட்டம்

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் மதுமதி உடற்கல்வி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். விட்டுவிட்டு வேகமாக ஓடினால் இளம்வயதினரின் யோசனை கூர்மையாகுமா என்பதுதான் அவள் கேள்வி. மூச்சு முட்ட ஒரு ஓட்டம், கொஞ்சம் நடை, மறுபடி ஓட்டம். முடிந்ததும் கணினி முன் உட்கார வேண்டும். திரையில் பச்சை எழுத்தில் 'சிவப்பு' என்று வரும். படிக்காமல் நிறத்தைச் சட்டென்று சொல்ல வேண்டும்.

ஓடிய மாணவர்களில் வளவன்தான் இந்தச் சோதனையில் அதிகம் முன்னேறியிருந்தான். ஆராய்ச்சி மாநாட்டில் அவனைப் பற்றி எப்படிப் பேசுவது என்றுகூட அவள் யோசித்து வைத்திருந்தாள். கடைசிச் சோதனையன்று அவன் கண்கள் சிவந்திருந்தன.

"அக்கா, இன்னைக்கு வேண்டாமுங்க. காச்சல்ல ராத்திரி பூரா தூங்கலீங்க. தலை கிறுகிறுங்குது."

"இன்னைக்கு உட்டா இத்தனை நாள் ஓடுனதெல்லாம் வீணாப் போயிருமே வளவா. மெதுவாவே ஓடு."

மெதுவாக ஓடினால் சோதனை செல்லாது என்பது அவளுக்குத் தெரியும். அவன் ஓடத் தொடங்கியதும் "இன்னும் வேகமா" என்று குரல் கொடுத்ததும் அவள்தான். வளைவில் கால் பின்னி விழுந்தான். ஓரத்துக் கல்லில் தலை மோதியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனிடம், "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார்.

வளவன் வெகுநேரம் யோசித்தான். "ஞாயித்துக்கிழமைங்க."

அன்று வியாழன். நிறங்களைப் பட்டுப்பட்டென்று சொன்ன பையன் அவன்.

ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை, அடிபட்டதில் மூளைக்கு லேசான அதிர்ச்சிதான், ஓய்வில் சரியாகிவிடும் என்றார்கள். ஆட்டையாம்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்த அவன் அம்மா சௌந்திரம், மதுமதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானுங்களா கண்ணு அந்த ஓட்டப்பந்தய டீச்சரு? உங்களாலதான் படிப்பு நல்லா மண்டையில ஏறுதுன்னு சொல்லீட்டே இருப்பான். கூட்டிட்டு வந்து சேத்துனீங்களே, நல்லா இருப்பீங்க."

அந்தக் கை சுட்டது. பேசாமல் தலையாட்டிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது.

"அம்மா, அவனுக்குக் காச்சலுங்க. வேண்டாம்னுதான் சொன்னான். நான்தான் ஓட வெச்சேன்."

சௌந்திரம் அவளையே பார்த்தாள். "வேண்டாம்னு சொல்லியுமா?"

"ஆமாங்க."

கையை மெல்ல விலக்கிக்கொண்டு உள்ளே போய் மகனருகில் உட்கார்ந்தாள். அப்புறம் திரும்பிப் பார்க்கவேயில்லை.

மறுநாள் மதுமதி நடந்ததை மறைக்காமல் பேராசிரியரிடம் சொன்னாள். விசாரணை வந்தது, ஆராய்ச்சியை நிறுத்தினார்கள். அது அவளுக்குப் பெரிதாக வலிக்கவில்லை.

வளவன் தேறி வகுப்புக்கு வந்த அன்று, வராந்தாவில் அவளைக் கண்டு நின்றான்.

"அக்கா, நான் உழுந்ததாலதான் எல்லாம் நின்னு போச்சுங்களா? மன்னிச்சுக்கோங்க."

"நீ ஒண்ணும் பண்ணல சாமி. எல்லாம் எம்பட தப்புதான்" என்றாள். அவன் நம்பாதவனாகத் தலையாட்டிவிட்டு நடந்தான். அவன் படியிறங்கி முடிக்கும்வரை அவள் அங்கேயே நின்றிருந்தாள்.